யார் உடம்பு, யார் கணக்கு?

எங்க தாத்தா ஊருக்குப் பத்து வேலை பார்த்தவர். இழவு சொல்ல ராத்திரியோட ராத்திரியா அடுத்த ஊருக்கு ஓடுவார். திரும்பி வந்து குழி வெட்டுவார். பறையடிப்பார். செத்த மாட்டைத் தூக்குவார். மடை திறந்து தண்ணி பாய்ச்சுவார். களத்துமேட்டில் விடிய விடியக் காவல் இருப்பார். தமுக்கடித்துச் சேதி சொல்வார். எண்ணிப் பார்த்தால் பத்துக்கு மேலேயே வரும். ஆனால் ஊர்க் கணக்கில் அதில் ஒன்றுகூட வேலை கிடையாது. அறுப்பு முடிந்து அள்ளிப் போட்ட நெல்லுக்கும் கூலி என்று பெயரில்லை. பிச்சை என்றுதான் பெயர்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். "உங்க தெருப் பசங்களுக்கு உடம்பு வாகு இருக்குடா, ஓடுங்கடா. கணக்குப் பாடத்தை மத்தவன் பாத்துக்குவான்" என்பார். பாராட்டுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார். நாங்களும் பாராட்டு என்றே நினைத்து ஓடினோம். உடம்பு நமக்கு, கணக்கு அவர்களுக்கு என்கிற அந்தப் பாகப்பிரிவினை பிற்பாடுதான் உறைத்தது.

டெகாத்லான் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது இந்த இரண்டு ஞாபகமும் சேர்ந்தே வந்தன. இரண்டு நாளில் ஒரே ஆள் பத்துப் போட்டியில் இறங்க வேண்டும். முதல் நாள் 100 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர் ஓட்டம். மறுநாள் 110 மீட்டர் தடை ஓட்டம், வட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், கடைசியாக 1500 மீட்டர் ஓட்டம். பெண்களுக்கு ஏழு போட்டிகள், அது ஹெப்டத்லான். ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். ஜெயித்தவனை 'உலகத்தின் தலைசிறந்த தடகள வீரன்' என்று கொண்டாடுவார்கள். பத்து வேலை செய்கிறவனுக்குக் கிரீடம் வைக்கிற ஒரு இடமும் உலகத்தில் இருக்கிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கேயும் கணக்கு எழுதுகிறவன் வேறு ஆளாக இருந்தான்.

1

கலப்புப் போட்டிகளில் எந்த நாடு பலமான நாடு? இதை மூன்று விதமாகக் கணக்குப் போடுகிறார்கள்.

முதலாவது பதக்கக் கணக்கு. 1912 முதல் 2024 வரை ஒலிம்பிக்கில் டெகாத்லான் 26 முறை நடந்திருக்கிறது. அதில் 14 தங்கம் அமெரிக்காவுக்கு. பேச்சு அதோடு முடிந்தது என்பார்கள்.

இரண்டாவது கூட்டுக் கணக்கு. 1973இல் ஐரோப்பாவில் நாடுகளுக்கு இடையிலான கலப்புப் போட்டிக் கோப்பை தொடங்கியது. ஒரு நாட்டின் சிறந்த மூன்று பேரின் புள்ளிகளைக் கூட்டி நாட்டின் பலம் என்றார்கள். ஒரு மகா வீரன் இருந்தால் போதாது, அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வேண்டும். பயிற்சி, மைதானம், பயிற்சியாளர் என்று ஒரு ஏற்பாடே இருக்கிற நாடுதான் இதில் நிற்கும்.

மூன்றாவது தலைக்கணக்கு. எஸ்தோனியாவில் மொத்த ஜனம் சுமார் 13 லட்சம். டெகாத்லானில் முதல் அதிகாரபூர்வ உலக சாதனை 1922இல் அலெக்சாண்டர் க்ளும்பெர்க் என்கிற எஸ்தோனியருடையது. 2000 சிட்னியில் தங்கம் வாங்கிய எர்க்கி நூலும் அந்த நாட்டுக்காரர்தான். ஒன்றேகால் லட்சம் பேர்கூட இல்லாத கிரெனடாவின் லிண்டன் விக்டர் 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கினார். தலைக்கணக்கில் பார்த்தால் இவர்களுக்கு முன்னால் அமெரிக்கா ஒன்றுமே இல்லை.

ஒரே விளையாட்டு, கணக்கை மாற்றினால் பலசாலி மாறிப்போகிறான். ஆனால் மூன்று கணக்குமே ஒரு விசயத்தைக் கேட்பதில்லை. நாடு என்று யாரைச் சொல்கிறீர்கள்? கூட்டலில் எண்ணாக வருகிறவன், அந்த நாட்டில் மனுசனாக எண்ணப்பட்டானா?

அமெரிக்காவின் அந்த 14 தங்கத்தையும் பெயர் பெயராக எடுத்து வைத்துப் பார்த்தேன். 1912இல் ஜிம் தோர்ப், பூர்வகுடி. 1956இல் மில்ட் கேம்பெல், 1960இல் ரேஃபர் ஜான்சன், இரண்டு பேரும் கறுப்பர்கள். 1996இல் டான் ஓ'பிரையன், 2008இல் பிரையன் கிளே, 2012, 2016 இரண்டிலும் ஆஷ்டன் ஈட்டன். மூவருமே கறுப்பினத் தகப்பன்மார்களுக்குப் பிறந்தவர்கள். ஆக மொத்தம் ஏழு. சரிபாதி. யாரை நாடு என்று ஒப்புக்கொள்ளத் தயங்கினார்களோ அவர்களுடைய உடம்பிலிருந்துதான் நாட்டின் பலத்தில் பாதி வந்திருக்கிறது.

2

ஜிம் தோர்ப் சாக் அண்ட் ஃபாக்ஸ் என்கிற பூர்வகுடி இனத்தவர். இன்றைய ஓக்லஹோமாவில் பிறந்தார். படித்தது பென்சில்வேனியாவிலிருந்த கார்லைல் பள்ளி. 1879இல் ஒரு ராணுவ அதிகாரி தொடங்கிய விடுதிப் பள்ளி அது. பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய், தலைமுடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்து 'நாகரிகப்படுத்துவது' அதன் வேலை. பிள்ளைக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றுவிட்டு மனுசனைக் காப்பாற்றுவது என்பதுதான் அந்த அதிகாரி சொன்ன கொள்கை. அங்கேயிருந்துதான் தோர்ப் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்குப் போனார்.

போனவர் ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லானில் தங்கம், டெகாத்லானில் தங்கம் என்று இரண்டையும் வாங்கினார். டெகாத்லானில் இரண்டாவது வந்த ஸ்வீடன்காரர் ஹியூகோ வீஸ்லாண்டரைவிட 688 புள்ளி அதிகம். அமெரிக்கப் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை என்கிற சட்டம் வந்ததே 1924இல்தான். பன்னிரண்டு வருசம் முன்னாலேயே அவர் வாங்கிய தங்கத்தை நாடு தன் கணக்கில் எழுதிக்கொண்டது.

எழுதிய கை அடுத்த வருசமே அழித்தது. 1909, 1910 கோடையில் தோர்ப் சின்னச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்று 1913 ஜனவரியில் செய்தி வந்தது. அப்போது ஒலிம்பிக்கில் காசு வாங்காதவர்தான் ஆடலாம். கல்லூரிப் பையன்கள் பலரும் கோடையில் இப்படி ஆடினார்கள், ஆனால் பெயரை மாற்றிக்கொண்டு ஆடினார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடி மாட்டிக்கொண்டார். ஒலிம்பிக் விதிப்படி ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாசம் ஆகிவிட்டது. விதி அவருக்கு எதிராக இருந்தபோது செல்லுபடியாயிற்று; அவருக்கு ஆதரவாக இருந்தபோது ஆகவில்லை. நம்ம ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு சங்கதி. அதே 1912இல் அதே இரண்டு போட்டியிலும் இறங்கித் தோற்றவர்களில் ஏவரி பிரண்டேஜ் என்கிற அமெரிக்கரும் ஒருவர். அவர் 1952 முதல் 1972 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குத் தலைவராக இருந்தார். அவர் இருந்தவரை தோர்ப்பின் பதக்கம் திரும்பவில்லை. தோர்ப் 1953இல் வறுமையில் செத்துப்போனார். 1982இல் கமிட்டி மனசு மாறி, வீஸ்லாண்டரோடு சேர்த்து அவரையும் வெற்றியாளர் என்றது. 1983இல் பதக்கத்தின் நகலைப் பிள்ளைகளிடம் கொடுத்தது. 2022 ஜூலையில்தான் 'தோர்ப் ஒருவரே வென்றவர்' என்று எழுதியது. நூற்றுப்பத்து வருசம். இந்த இடைவெளியில் 1912ஆம் வருசத்து டெகாத்லான் தங்கம் அமெரிக்காவிலிருந்து ஸ்வீடனுக்குப் போய், பிறகு இரண்டுக்கும் பொதுவாகி, மறுபடி அமெரிக்காவுக்கே வந்தது. தேசத்தின் பலம் என்று நாம் படிக்கிற எண் இப்படித்தான் உருவாகிறது. வீஸ்லாண்டர் அந்தத் தங்கத்தைத் தன்னுடையது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதிரே நின்று ஓடியவனுக்குத் தெரிந்த நியாயம் கணக்கெழுதியவனுக்குத் தெரியவில்லை.

3

1958 ஜூலையில் மாஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முதல்முறை நேருக்கு நேர் தடகளத்தில் மோதின. பனிப்போர் காலம். எந்த அமைப்பு பெரியது என்று ஓடிக் காட்டச் சொன்னார்கள். டெகாத்லானில் சோவியத்தின் வசீலி குஸ்னெட்சோவ் அந்த வருசம் மே மாதம்தான் உலக சாதனை படைத்திருந்தார். அவருக்கு எதிரே வந்தவர் ரேஃபர் ஜான்சன். அவர் பிறந்தது டெக்சாஸில். குடும்பம் பிழைப்புத் தேடிக் கலிபோர்னியா போனபோது ஒரு பழத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கழித்துப்போட்ட சரக்கு ரயில் பெட்டியில் குடியிருந்தார்கள். மாஸ்கோவில் அவர் 8302 புள்ளி எடுத்துப் புதிய உலக சாதனை படைத்தார். ரஷ்ய ஜனம் மைதானத்துக்குள் இறங்கி அவரைத் தூக்கிக் கொண்டாடியது.

அவர் நாட்டிலேயோ, அதற்கு ஒரு வருசம் முன்னால் லிட்டில் ராக் என்கிற ஊரில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய ராணுவம் துணைக்கு வரவேண்டியிருந்தது. 1956இல் மெல்போர்னில் ஜான்சனை வென்று தங்கம் வாங்கிய மில்ட் கேம்பெல் பிறகு கால்பந்துக் குழு ஒன்றில் சேர்ந்தார். வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டதால் தன்னை வெளியே அனுப்பினார்கள் என்று அவரே சொல்லிவந்தார். 1960இல் ரோமில் கொடி பிடித்து முன்னால் போகும் மரியாதையை ஜான்சனுக்குக் கொடுத்தது அமெரிக்கா. ஒலிம்பிக்கில் அந்தக் கொடியைப் பிடித்த முதல் கறுப்பர் அவர். மாஸ்கோவுக்குக் காட்ட வேண்டியிருந்தது என்பதும் அதில் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் கொடியைப் பிடித்த கை அவருடைய கைதான். அதைச் சின்னதாக்க எனக்கு மனசில்லை.

4

ரோமில் ஜான்சனோடு மோதியவர் யாங் சுவான்-குவாங். தைவான்காரர் என்று எழுதுவார்கள். அவர் தைவானின் பூர்வகுடிகளான அமிஸ் இனத்தவர். பிறந்தபோது நாட்டை ஜப்பான் ஆண்டது. பிறகு சீனத் தேசியக் கட்சி வந்தது. அவருக்குத் தன் இனத்தில் ஒரு பெயர், அரசாங்கத்துக்கு ஒரு சீனப் பெயர். ரோமுக்குப் போன அவருடைய அணி 'சீனக் குடியரசு' என்ற பெயரில் இறங்கக் கூடாது, 'ஃபார்மோசா' என்றுதான் இறங்க வேண்டும் என்றது ஒலிம்பிக் கமிட்டி. 'எதிர்ப்போடு' என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அணி நடந்தது. அந்தப் பெயர்ச் சண்டையில் இரண்டு பக்கமுமே அமிஸ் ஜனத்தைக் கேட்கவில்லை.

ஜான்சனும் யாங்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே பயிற்சியாளரிடம் பழகிய நண்பர்கள். பத்துப் போட்டியில் ஏழில் யாங் முன்னால். குண்டு, வட்டு, ஈட்டி என்று மூன்று எறிதலிலும் ஜான்சன் முன்னால். கடைசி 1500 மீட்டரில் யாங் பத்து விநாடி இடைவெளி விட்டு ஜெயித்திருந்தால் தங்கம் அவருக்கு. ஜான்சன் அவர் முதுகை விடாமல் ஓடினார். 1.2 விநாடிதான் வித்தியாசம். 8392க்கு 8334. ஏழு போட்டியில் ஜெயித்தவருக்கு வெள்ளி.

இதில் சூழ்ச்சி ஒன்றுமில்லை, கூட்டலின் விதி அது. ஆனால் கூட்டலுக்கு முன்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. எத்தனை விநாடிக்கு எத்தனை புள்ளி, எத்தனை மீட்டருக்கு எத்தனை புள்ளி என்று யாரோ உட்கார்ந்து தீர்மானிக்கிற பட்டியல். அதை அடிக்கடி மாற்றியிருக்கிறார்கள். 1963இல் யாங் 9121 புள்ளி எடுத்து உலக சாதனை படைத்தார். அன்றைக்கு அவர் கோலூன்றித் தாண்டிய 4.84 மீட்டருக்குப் பட்டியலில் எண்ணே இல்லை, பட்டியல் அதற்குக் கீழேயே முடிந்துவிட்டது! அடுத்த வருசம் புதுப் பட்டியல் வந்தது. அதில் கோலூன்றித் தாண்டுதலின் மதிப்பு இறங்கியது. 1964 டோக்கியோவில் யாங் ஐந்தாவது வந்தார். அவருக்கு வலியும் காயமும் இருந்தது, பட்டியலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மாற்றியதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. நான் சொல்ல வருவது வேறு. எந்தத் திறமைக்கு என்ன விலை என்பது இயற்கையில் எழுதி வைத்ததில்லை. மனுசன் எழுதியது. மாற்றி எழுத முடியும்.

5

இப்போது புழக்கத்தில் இருப்பது 1985இல் நடைமுறைக்கு வந்த பட்டியல். அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாத்தியார் எனக்கு வேண்டாம் என்று சொன்ன அதே கணக்கு.

100 மீட்டரை 11 விநாடியில் ஓடினால் 861 புள்ளி. 11.5 விநாடியில் ஓடினால் 753. அரை விநாடி பிந்தியதற்கு இழப்பு 108 புள்ளி. கோலூன்றி 5 மீட்டர் தாண்டினால் 910. மூன்று மீட்டர் தாண்டினால் 357. இழப்பு 553. தாண்டவே தெரியாதவனுக்குச் சுழி.

ஓட்டத்துக்குக் காலும் தரையும் போதும். கோலூன்றித் தாண்ட வளைந்து கொடுக்கிற கண்ணாடி இழைக் கோல் வேண்டும். ஒரு ஆளுக்கே எடைக்கும் திறனுக்கும் ஏற்ப நாலைந்து கோல் வேண்டும். விழுந்தால் கழுத்து முறியாமலிருக்க ஆளுயர மெத்தை வேண்டும். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். பல வருசம் வேண்டும்.

ஆகவேதான் நீண்டதூர ஓட்டத்தில் உலகத்தையே ஆள்கிற கென்யா, எத்தியோப்பியாவுக்கு டெகாத்லானில் ஒரு ஒலிம்பிக் பதக்கம்கூட இல்லை. குறுந்தூர ஓட்டத்தை ஆள்கிற ஜமைக்காவுக்கும் இல்லை. ஆப்பிரிக்காக் கண்டம் முழுவதற்குமே இல்லை. ஓட்டப் பந்தயத்தில் ஏழை நாடு பணக்கார நாட்டை ஜெயிக்க முடியும். பத்துக்குப் பத்து சாமானும் கேட்கிற போட்டியில் அது சுலபமில்லை. அப்படியானால் இந்த எண் அளப்பது வெறும் உடம்பை மட்டுமில்லை. எத்தனை பிள்ளைகளின் கைக்கு எத்தனை சாமான் எட்டியது என்பதையும் சேர்த்துத்தான் அளக்கிறது.

பணமும் ஏற்பாடும் இருந்தால் எல்லாம் நேர்மை என்றும் இல்லை. கிழக்கு ஜெர்மனி அரசாங்கமே திட்டம் போட்டுத் தன் வீரர்களுக்கு ஊக்க மருந்து கொடுத்தது. 1988 சியோலில் அந்நாட்டுக்காகத் தங்கம் வாங்கிய கிறிஸ்டியான் ஷெங்க், தானும் மருந்து எடுத்ததை 2018இல் ஒப்புக்கொண்டார். என்ன மருந்து என்றே தெரியாமல் சாப்பிட்ட சிறுபிள்ளைகளும் அந்த நாட்டில் இருந்தார்கள். தேசம் தன் பலத்தைக் கூட்டிக் காட்ட அவர்கள் உடம்பு செலவாயிற்று.

6

இனி நம் கதை. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் குர்பச்சன் சிங் ரந்தாவாவும், 1974 டெஹ்ரானில் விஜய் சிங் சவுகானும் டெகாத்லானில் தங்கம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு ஆசியப் போட்டியில் இந்திய ஆண்களுக்கு அடுத்த டெகாத்லான் பதக்கம் 2023இல் ஹாங்சோவில்தான் வந்தது. டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் 7666 புள்ளி எடுத்து வெள்ளி வாங்கினார். 49 வருச இடைவெளி. அந்தப் புள்ளி அப்போது தேசிய சாதனை. மறு வருசம் பாரிஸில் நார்வேயின் மார்க்கஸ் ரூத் தங்கம் வாங்கியது 8796 புள்ளியில்.

பெண்கள் கதை வேறு. ஹெப்டத்லானில் கோலூன்றித் தாண்டுதல் கிடையாது. 2002, 2006 ஆசியப் போட்டிகளில் சோமா பிஸ்வாஸ் வெள்ளி வாங்கினார். ஜே. ஜே. ஷோபா 2004இல் 6211 புள்ளி எடுத்தார். அதே வருசம் ஏதென்ஸில் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கடைசி 800 மீட்டரை ஓடி முடித்தார். 2018இல் ஜகார்த்தாவில் ஸ்வப்னா பர்மன் 6026 புள்ளி எடுத்துத் தங்கம் வாங்கினார். ஆசியப் போட்டியில் ஹெப்டத்லான் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண்.

ஸ்வப்னா மேற்கு வங்காளத்தில் ஜல்பைகுரி பக்கம் ஒரு கிராமம். ராஜ்பன்ஷி சமூகம், அந்த மாநிலத்தில் பட்டியல் சாதி. தகப்பன் வண்டி ரிக்ஷா இழுத்தவர், பக்கவாதத்தில் படுத்துவிட்டார். தாய் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஸ்வப்னாவுக்கு இரண்டு காலிலும் ஆறாறு விரல். கடையில் விற்கிற எந்த ஷூவும் அந்தக் காலுக்குச் சேராது. பல்வலியில் தாடையில் பட்டை ஒட்டிக்கொண்டு, காலைக் கவ்வுகிற ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ஏழு போட்டியிலும் இறங்கினார். தங்கம் வாங்கிய பிறகுதான் அந்தக் காலுக்கென்று அளவெடுத்து ஷூ செய்யக் கம்பெனி வந்தது. அதற்கு முன்னாலும் அந்தக் கால் அங்கேதான் இருந்தது.

2023 ஹாங்சோவில் வெண்கலம் வாங்கியவர் நந்தினி அகசரா. தகப்பன் டீ விற்பவர். படித்தது தெலங்கானாவின் சமூகநல விடுதிக் கல்லூரி. 5712 புள்ளி. நாலாவது வந்த ஸ்வப்னாவுக்கு 5708. இந்த நாட்டின் பலம் என்று சொல்கிற எண்ணில் ஒன்றை ரிக்ஷாக்காரர் மகளும் இன்னொன்றை டீக்கடைக்காரர் மகளும் எழுதியிருக்கிறார்கள். ஒரு அரசாங்க விடுதி சரியாக நடந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நந்தினியே சாட்சி. கார்லைலும் விடுதிதான், இதுவும் விடுதிதான். ஒன்று பிள்ளையை அதன் ஜனத்திடமிருந்து பறித்தது. இன்னொன்று ஏழைப் பிள்ளைக்கு எட்டாததை எட்ட வைத்தது.

நான் வேலையாகப் போய்வந்த சில ஆதி திராவிடர் நலப் பள்ளிகளில் மைதானத்தைத் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நீளம் தாண்டும் மணல் குழியில் கருவேலஞ்செடி முளைத்திருந்தது. இன்னொன்றில் ஈட்டி இருந்தது, முனை இல்லை. கோலூன்றித் தாண்டும் கோலை எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை. ஒரு பையனிடம் அப்படி ஒரு போட்டி இருப்பதைச் சொன்னேன். "மூங்கில்ல வாய்க்காலத் தாண்டுவோமே, அதுவா சார்?" என்றான். அதேதான்டா என்றேன். அவன் தாண்டுகிற வாய்க்காலுக்கு எந்தப் பட்டியலிலும் புள்ளி இல்லை.

நம் ஆட்கள் விளையாட்டைப் பற்றி எழுதுவது குறைவு. உடம்பைப் பற்றிப் பேசினால் மறுபடியும் 'உங்களுக்கு உடம்புதானே' என்பார்களோ என்கிற கூச்சம் ஒரு காரணம். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. தோர்ப்பையும் ஜான்சனையும் யாங்கையும் ஸ்வப்னாவையும் சேர்த்துப் படித்த பிறகு அது போய்விட்டது. உடம்பைக் கொடுத்தவர்கள் கணக்கைக் கையில் எடுக்காததுதான் குறை. எத்தனை நலப் பள்ளியில் மைதானம் இருக்கிறது, எத்தனையில் விளையாட்டு ஆசிரியர் இருக்கிறார், எத்தனை மணல் குழி, எத்தனை கோல் என்று ஒவ்வொரு வட்டத்திலும் எண்ணி எழுதி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, எதிரே வைக்க வேண்டும். மாணவத் தோழர்கள் ஒரு மாசத்தில் செய்யக்கூடிய வேலை இது. எங்கள் வட்டத்தில் ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை பார்த்தது நாலு பள்ளி.